செம்புக் கம்பி கட்டாத பின்சக்கரம்

சேசு மரி சூசை துணை

வண்டன்மேடு
19-8-1973, ஞாயிறு

அன்பு மகள் புஷ்பமேரிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் காய்ச்சல் தலைவலி என்று படுக்காமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், ஜபல்பூரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொள்கிறோம். வழக்கமாக இதற்குப் பிறகு மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் எழுதுவேன். இந்தத் தடவை அதெல்லாம் கடைசியில்தான் வரும். எனக்கு உன்மேல் கோபம். ஒன்பது நாளாகக் கோபம். இதற்கு முன்னால் இரண்டு கடிதம் எழுதினேன், இரண்டிலும் கோபத்தில் தேதிகள் முன்பின்னாக விழுந்துவிட்டன, கிழித்து அடுப்பில் போட்டேன். இப்போதும் கோபம் குறைந்து எழுதவில்லை, தேதிகளை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததும் இதில் வரும், பொறுமையாகப் படி. நான் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

என் சைக்கிள் நான் நிருபராகச் சேர்ந்த 1956-ல் மதுரையில் வாங்கியது. பதினேழு வருடமாக இந்த மேட்டிலும் பள்ளத்திலும் என் செய்தியைச் சுமந்தது அதுதான். நம் வீட்டிலிருந்து பஸ் நிற்கிற முக்குக்கு மூன்று மைல். சாயங்காலம் நாலரைக்கு வரும் கம்பம் பஸ்ஸின் கண்டக்டர் கையில் கவரைக் கொடுத்தால்தான் மறுநாள் பேப்பரில் வரும், இல்லையென்றால் செய்தி ஒரு நாள் பழசாகிவிடும். அந்தச் சைக்கிளின் பின்சக்கரம் நாலு வருடத்துக்கு முன்னால் சைக்கிள் கடைக் கபிரியேல் கட்டிக் கொடுத்தது. நாற்பது கம்பி. கம்பியும் கம்பியும் குறுக்கே வெட்டிக்கொள்கிற ஒவ்வொரு இடத்திலும் மெல்லிய செம்புக் கம்பியை மூன்று சுற்றுச் சுற்றி முறுக்கிவிடுவது அவன் வழக்கம். மலைப் பாதையில் ஒரு கம்பி அறுந்தாலும் பக்கத்துக் கம்பி விடாமல் பிடித்துக்கொள்ளும் என்பான். இந்த வட்டாரத்தில் வேறு எந்தக் கடைக்காரனும் அதைச் செய்வதில்லை. கபிரியேல் கட்டிய சக்கரத்தை இருபது அடி தள்ளி நின்றே சொல்லிவிடலாம்.

மே மாதம் நீ லீவில் வந்திருந்தபோது 7-ம் தேதி திங்கட்கிழமை சைக்கிளை ஓவராயிலுக்கு அவனிடம் விட்டேன், 9-ம் தேதி திரும்ப எடுத்தேன். 11-ம் தேதி வெள்ளிக்கிழமை நிருபர்கள் கூட்டத்துக்காக மதுரை போய் 14-ம் தேதி திங்கட்கிழமை வீடு வந்தேன். நடுவில் 12-ம் தேதி சனிக்கிழமை காலையில், பக்கத்து வீட்டு மாரித்தாயைக் கேரியரில் உட்கார வைத்துக்கொண்டு, கம்பத்தில் சினிமா பார்ப்பதற்காகக் கம்பமெட்டு மலைப் பாதையில் என் சைக்கிளில் இறங்கியிருக்கிறாய். பஸ்ஸில் போங்கடி என்று அம்மா சொன்னதற்கு, 'பஸ்ல எல்லாரும்தான் போறாங்க' என்றாயாம். சினிமாவுக்குப் போனதில் எனக்குக் கோபம் இல்லை. பெண்பிள்ளைகள் இரண்டு பேர் சைக்கிளில் மலை இறங்கியதிலும் இல்லை, என் மகள் ஜபல்பூரில் சைக்கிளில்தான் ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போகிறாள் என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்தான். பிரேக் கட்டை தாங்காது என்று விறகுச் சைக்கிள்காரர்கள் செய்கிற மாதிரி பின்னால் ஒரு மரக்கிளையைக் கட்டி இழுத்துக்கொண்டு இறங்கினீர்கள். அதுவும் சரி. ஆனால் அவர்கள் கிளையைக் கேரியரில் உருவு முடிச்சாகப் போட்டு, கயிற்றின் நுனியைக் கையில் பிடித்திருப்பார்கள். கிளை எங்காவது மாட்டினால் ஒரு சுண்டு, கயிறு கழன்று கிளை ரோட்டில் கிடக்கும், சைக்கிள் போய்விடும். நீ கயிற்றைப் பின்சக்கரத்து அச்சில் கட்டி, ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிற முடிச்சை, அதுவும் ஒன்றுக்கு இரண்டாக, இறுக்கிப் போட்டாய். மூன்றாவது வளைவில் கிளை ஓடைக் கல்லில் மாட்டியது என்று மாரித்தாய் சொன்னாள். அச்சு இழுபட்டுச் சக்கரம் சாய்ந்து ரிம் மடங்கியது. பதினொரு கம்பி அறுந்திருக்கிறது. எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

பிறகு கம்பத்தில் சுவக்கீனின் சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறீர்கள். புதிதாகச் சக்கரம் கட்ட ஒரு நாள் ஆகும் என்று அவர் சொல்ல, சாயங்காலமே வேண்டும் என்று நீ அடம்பிடிக்க, கடையில் கிடந்த ஒரு பழைய சக்கரத்தை மாட்டிக் கொடுத்திருக்கிறார். நீங்கள் சினிமாவையும் பார்த்துவிட்டு, சைக்கிளைப் பஸ் மேலே ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தீர்கள். திங்கட்கிழமை நான் வந்தேன். நீ காப்பி கொடுத்தாய், கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று கேட்டாய். மாரித்தாய் முழங்காலில் என்ன கட்டு என்று நான் கேட்டதற்குக் கிணற்றடியில் வழுக்கிவிட்டாள் என்றாய். ஜூன் 3 வரை இருபது நாள் இந்த வீட்டில் இருந்தாய். தினமும் அந்தச் சைக்கிளை நான் எடுப்பதைப் பார்த்தாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என் தப்பையும் சேர்த்தே எழுதுகிறேன். இருபது அடி தள்ளித் தெரிகிற சக்கரத்தின்மேல் இரண்டு மாதம் ஏறிப் போனவன் நான். மழையில் சேறு அப்பிக் கிடந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். மே மாதக் கடைசியில் சேறு ஏது? பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஜூலை 9 திங்கட்கிழமை எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின்மேல் மண் சரிந்து ஆறு குடும்பம் வீட்டை இழந்த செய்தியை எழுதி, கவரை ரெக்சின் பையில் வைத்துக்கொண்டு நாலு மணிக்குக் கிளம்பினேன். மாதா சிலை வைத்த கெபி இறக்கத்தில் பின்னால் படபடவென்று சத்தம். கம்பி ஒவ்வொன்றாகத் தெறித்து, சக்கரம் வளைந்து, நான் ஏலச் செடிகளுக்குள் போய் விழுந்தேன். வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. பஸ் போய்விட்டது. அந்த ஆறு குடும்பத்தின் செய்தி ஒரு நாள் தாமதமாக வந்தது, தாசில்தாரும் அதற்குப் பிறகுதான் வந்தார். சைக்கிளை வீட்டுக்குத் தள்ளி வந்து சேற்றைக் கழுவியபோதுதான் பார்த்தேன், சக்கரத்தில் ஒரு இடத்தில்கூடச் செம்புக் கம்பி இல்லை. அது என் சக்கரமே இல்லை.

மறுநாள் காலையில் கபிரியேல் கடைக்குப் போய், டீக்கடைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் பார்த்திருக்க, என் சக்கரத்தை எவன் சைக்கிளில் மாட்டினாய் என்று கேட்டேன். அவன் கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே, 'ரிப்போட்டரய்யா, நான் ஓவராயில் பண்ணிக் குடுக்கும்போது நான் கட்டுன சக்கரம்தான் அதுல இருந்துச்சு. இது எங்கிட்டருந்து போன சக்கரம் இல்ல. ஊட்டுக்குப் போயி ஒரு வார்த்த கேட்டுப் பாருங்களேன்' என்றான். டீக்கடைப் பெஞ்சிலிருந்து ஒருத்தன், 'கபிரியேலு ரிப்போட்டரய்யா ஊட்டுக்கே சம்மன் அனுப்புறாம்டா' என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கெடுத்தது. அவன் சொன்னது எவ்வளவு சாதாரணமான யோசனை! இந்தத் தொழிலில் ஒரு பஞ்சாயத்து பியூன் சொன்னதைக்கூட இரண்டு பேரிடம் கேட்டுச் சரிபார்க்காமல் நான் அனுப்பியதில்லை. அன்றைக்கு என் வீட்டில் இருந்த ஒரே ஒருத்தியிடம் கேட்கவில்லை. வீங்கிய கையோடு உட்கார்ந்து ஏழு வரி எழுதினேன். 'சைக்கிள் கடையில் சக்கரம் மாறும் மாயம்' என்று தலைப்புப் போட்டேன். வண்டன்மேட்டில் ரிப்பேருக்கு விடும் சைக்கிள்களில் நல்ல சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு பழசை மாட்டி அனுப்புவதாகப் புகார் என்று எழுதினேன். புகார் செய்தவனும் நான், எழுதியவனும் நான். பெயர் போடவில்லை, அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். இங்கே இருப்பது இரண்டே கடை, ஒன்று அப்போதுதான் திறந்து மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 14 சனிக்கிழமை செய்தி வந்தது. திங்கட்கிழமை எஸ்டேட் ஆபீஸ் தன் பதினொரு சைக்கிளையும் கபிரியேல் கடையிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. தபால்காரரும் போய்விட்டார். ஞாயிறு பூசையில் எனக்குப் பின்னால் நிற்கிற கபிரியேல், தூணுக்கு அந்தப் பக்கம் போய் நின்றான். குற்றமுள்ள மனசு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இனி உன் பங்கு. ஜூலை 15-ல் நான் உனக்கு ஒன்றரைப் பக்கம் எழுதினேன், கபிரியேல் இப்படிச் செய்துவிட்டான், நாலு வருடப் பழக்கத்துக்கு இதுதான் பலன் என்று. உன் பதில் 25-ம் தேதி போட்டது, என் முன்னால் இருக்கிறது. 'காலம் கெட்டுக் கிடக்கிறது அப்பா, நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று எழுதியிருக்கிறாய். புஷ்பம், இந்த வரியை எழுதும்போது உன் பேனா நிற்கவே இல்லையா? அதே கவரில் அம்மாவுக்கு ஒரு துண்டுச் சீட்டும் வைத்திருந்தாய். அம்மா அதை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். 'இப்போது சொன்னால் அப்பாவுக்குத்தான் அவமானம், கொஞ்ச நாளில் எல்லாரும் மறந்துவிடுவார்கள், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள்.' என் அவமானத்தை எடுத்து இன்னொருத்தன் தலையில் வைக்க உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? எல்லாரும் மறப்பார்கள் என்றாயே, பதினொரு சைக்கிள் போன கடைக்காரன் எதை மறப்பான்?

நாலு வாரம் கவரோடு நடந்தேன். கபிரியேலிடம் போக மனமில்லை, புதுக்கடைக்காரனுக்குச் சக்கரம் கட்டத் தெரியாது. ஆகஸ்ட் 10 வெள்ளிக்கிழமை உடைந்த சக்கரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு வேறு சக்கரம் போடலாம் என்று கம்பத்துக்குப் பஸ் ஏறினேன். சுவக்கீன் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம், அதனால்தான் அங்கே போனேன், வேறு காரணம் இல்லை. அவர் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, 'அண்ணாச்சி, இது நம்ம கடச் சக்கரமுல்ல! மேட்டுலருந்து வந்த நர்ஸுப் பிள்ளைக்கு மாட்டி விட்டேன். கூட வந்தவளுக்கு முழங்கால்ல ரத்தம், ஆனா ரெண்டும் என்னா சிரிப்பு! தற்காலிகந்தாம்மா, ஒரு மாசத்துல மாத்திடுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. அப்பாட்ட நானே சொல்லிக்கிறேன்னுச்சு' என்றார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. சொன்ன பிறகு அவர் முகம் மாறிவிட்டது. உள்ளே போய்ப் பின்சுவரில் தொங்கிய மடங்கின சக்கரத்தை எடுத்து வந்தார். நாற்பது கம்பியில் இருபத்தொன்பது மிச்சம், ஒவ்வொரு குறுக்கிலும் கபிரியேலின் செம்புக் கம்பி அப்படியே இருந்தது. அந்தக் கடை வாசலில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. நேரம் குறிக்காமல் நான் நின்ற இடம் அது ஒன்றுதான். ஒரு மாதத்தில் மாற்றச் சொன்ன சக்கரம் என்பதையும் கவனி. நீ சொல்லியிருந்தால் அது மாதா கெபி இறக்கத்துக்கு வந்திருக்காது.

இரண்டு சக்கரத்தையும் கொண்டுவந்து அம்மா முன்னால் போட்டேன். அவள் அழவில்லை. 'எனக்குத் தெரியும்' என்றாள். என்றைக்கிலிருந்து என்றேன். 'அன்னைக்குச் சாயங்காலத்துலருந்து' என்றாள். அவனைப் பற்றி எழுதும்போதாவது சொல்லியிருக்கலாமே என்று கத்தினேன். மாரித்தாய் வீட்டில் கேட்டிருக்கும். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். 'சொல்லத்தான் வந்தேன். ரெண்டு தடவ வந்து நின்னேன். நீங்க எழுதிட்டிருந்தீங்க. எழுதும்போது பேசாதன்னு கல்யாணமான நாள்லருந்து சொல்லிருக்கீங்கள்ல.' அவள்மேலும் கோபம்தான், இன்னும் இருக்கிறது. ஆனால் இரண்டு தடவை ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றதைக்கூடப் பார்க்காமல் எழுதிய ஏழு வரி அது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. நீயும் எனக்குப் பயந்துதான் சொல்லாமல் இருந்தாய் என்று அம்மா சொல்கிறாள். இருக்கலாம். என்மேல் பயம் உனக்கு இருந்தது, கபிரியேலைப் பற்றி ஒரு நினைப்பும் இல்லை.

மறுநாள் கபிரியேல் கடைக்குப் போனேன். ஸ்பானர்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தான், செப்டம்பரோடு கடையை மூடிவிட்டுத் தேனியில் மச்சான் கடையில் கூலிக்கு நிற்கப் போகிறானாம். அதே டீக்கடைப் பெஞ்சுக்காரர்களைக் கூப்பிட்டு நிற்க வைத்துத் தப்பு என்னுடையது என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. கபிரியேல் சாக்கைக் கட்டிக்கொண்டே, 'ஐயா, நீங்க வாயால சொல்றது இந்தப் பெஞ்சு வரைக்கும் கேக்கும். பேப்பர்ல போட்டது மானேஜர் பங்களா வரைக்கும் போச்சே' என்றான். திருத்தம் எழுதி அன்றைக்கே அனுப்பினேன். வெள்ளிக்கிழமை பதில் வந்தது. செய்தியில் யார் பெயரும் இல்லை, பெயர் இல்லாத செய்திக்குத் திருத்தம் எதற்கு என்று ஆசிரியர் குழுவில் எழுதிவிட்டார்கள். என் கெட்டிக்காரத்தனம் என்னையே பிடித்துக்கொண்டது. எஸ்டேட் ஆபீசுக்குப் போனேன். மானேஜர் மரியாதையாக நாற்காலி போட்டார். 'பத்ரத்தில் எழுதியது நிங்கள் தன்னெயல்லே சாரே?' என்று மலையாளத்தில் கேட்டார், பேப்பரில் எழுதியவனே மாற்றிச் சொன்னால் எதை நம்புவது என்று கேட்டார். பெரியமனிதர்கள் இரக்கப்பட்டு இப்படிச் சொல்வது உண்டு என்றும் சொன்னார். சக்கரத்தை மாற்றிய ஆள் எழுதிக் கொடுக்கட்டும், அதைப் பார்த்துச் செப்டம்பர் முதல் தேதி சைக்கிள்களை யாரிடம் விடுவது என்று முடிவு செய்கிறேன் என்றார். அவர்மேல் தப்பில்லை.

ஆகவே நீ எழுது. இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே, உன் கையால், மானேஜர் பெயருக்கு எழுதி எக்ஸ்பிரஸ் டெலிவரியில் போடு. தந்தி வேண்டாம், தந்தியில் கையெழுத்து இருக்காது. தமிழிலேயே எழுது, அவர் ஆபீசில் படித்துச் சொல்ல ஆள் இருக்கிறது. கிளையை எப்படிக் கட்டினாய், சக்கரம் எங்கே உடைந்தது, யார் வேறு சக்கரம் மாட்டினார்கள் என்பதை எழுது. கபிரியேல் பெயரை முழுதாகப் போடு. என் மரியாதையைக் காப்பாற்றுகிறேன் என்று ஒரு வார்த்தைகூடச் சேர்க்காதே. அப்பா விசாரிக்காமல் எழுதிவிட்டார் என்றே எழுது, அதுதான் நடந்தது. அழுது நீட்டி ஒரு மன்னிப்புக் கடிதத்தைத் தனியாகக் கபிரியேலுக்கு அனுப்பி வைத்துவிட்டு இதைச் செய்யாமல் விட்டால், இந்த வீட்டுக்கு அடுத்த லீவில் எந்த முகத்தோடு வருவாய் என்று நீயே யோசித்துக்கொள். மாரித்தாயும் தன் பங்குக்குச் சொல்லத் தயார் என்கிறாள், ஆனால் ஓட்டியது நீ.

மற்ற விஷயங்கள். ஏலக்காய் எடுப்பு தொடங்கிவிட்டது, மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. மாடு போன வாரம் கிடாரிக் கன்று போட்டது. சித்தி கத்தரீனாள் வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போனாள், உனக்கு ஒரு மாப்பிள்ளைப் பேச்சைக் கொண்டுவந்தாள், இப்போது எதுவும் பேச வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குளிரில் கூடுகிறது, நீ சொன்ன தைலத்தைத் தேய்க்கிறாள். என் மணிக்கட்டு வீக்கம் இறங்கிவிட்டது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா வந்து நின்றாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்ன என்று கேட்டேன். 'திட்டுறத திட்டுங்க. நேரத்துக்குச் சாப்பிடுறாளான்னும் ஒரு வரி கேளுங்க' என்றாள். கேட்டுவிட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு.

கடைசியாகச் சைக்கிள். பழைய அச்சையும் ஒரு புது ரிம்மையும் கபிரியேலிடம் கொண்டுபோனேன். வாங்குவான் என்று நினைக்கவில்லை, வாங்கிக்கொண்டான். நேற்றுச் சக்கரம் தயாராகிவிட்டது. நாற்பது கம்பியும் ஏற்றிக் கோட்டம் எடுத்து நிறுத்தியிருக்கிறான், சுற்றிவிட்டால் இம்மிகூட ஆடாமல் ஓடுகிறது. செம்புக் கம்பி மட்டும் கட்டவில்லை. ஏன் என்று கேட்டேன். 'அதக் கட்டுனா இது கபிரியேல் கைன்னு பாக்கிறவன் சொல்லுவான்ல. எங்கைக்கு இப்ப இருக்கிற பேரு உங்களுக்குத் தெரியாதா? பாப்பா கடுதாசி வரட்டும் ஐயா, கட்டித் தாரேன்' என்றான். அதுவும் நியாயம்தான் என்று வந்துவிட்டேன். சக்கரம் அவன் கடை ஆணியில் தொங்குகிறது. நான் கவரோடு முக்குக்கு நடந்துகொண்டிருக்கிறேன், மூன்றரைக்கே கிளம்பிவிடுகிறேன்.

ஆண்டவர் உனக்கு நல்ல உடம்பையும் உண்மை பேசும் வாயையும் தரட்டும், மாதா உன் டியூட்டி நேரமெல்லாம் கூட நிற்கட்டும். அம்மாவின் ஆசீர்வாதமும் இதோடு வருகிறது. உன் கடிதத்தில் அது நடந்த நாளைச் சரியாகப் போடு. மே 12, சனிக்கிழமை.

உன் அப்பா,
சூசையப்பன்